இரண்டு அரிப்புகள்

பெரியம்மா அந்தத் தீப்பெட்டியை என் கையில் கொடுத்தது 2019 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காதலர் தினம் முடிந்த வாரம். தளி ரோட்டில் ஒரு ரோஜா பசுமைக்குடிலில் அவர் பூ தரம் பிரிக்கும் வேலையில் இருந்தார். ஜனவரி கடைசியிலிருந்து அங்கே ராத்திரி பகல் கிடையாது. தாஜ்மஹால் ரக சிவப்பு ரோஜாக்களைக் காம்பு நீளம் பார்த்துக் கட்டி, பெங்களூர் விமான நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பரபரப்பு ஓய்ந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"நீதான கண்ணு படிச்சவன். இது என்ன பூச்சின்னு பாத்துச் சொல்லு. டாக்டருங்க யாரும் தொறந்துகூட பாக்க மாட்டேங்கறாங்க."

திறந்தேன். பஞ்சின் மேல் ஏழெட்டுத் துணுக்குகள். கறுப்பாகச் சில, வெள்ளையாகச் சில, சுருண்ட நூல் மாதிரி ஒன்று. எதுவும் எனக்குப் பூச்சியாகத் தெரியவில்லை. ஆனால் நான் சாஃப்ட்வேர் ஆள். என் ஆபீசில் 'பக்' என்றால் அது வேற விஷயம்.

பெரியப்பா இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் பெரியம்மா தனியாகத்தான் இருந்தார். ராத்திரி ஆனால் பூச்சி தலையிலிருந்து இறங்குகிறது என்றார். முதலில் வெள்ளையாக இருக்கும், ரத்தம் குடித்தால் கறுக்கும், தண்ணீர் பட்டால் ரெக்கை முளைக்கும். இது அவர் சொன்ன வாழ்க்கை வரலாறு. பசுமைக்குடிலில் ரோஜா இலையின் அடியில் செம்பேன் இருக்கும். அங்கே எல்லோரும் அதை மைட்ஸ் என்றுதான் சொல்வார்கள். சூப்பர்வைசர் ஒருமுறை லென்ஸ் வைத்துக் காட்டியிருக்கிறார். அதுதான் தன் உடம்பில் ஏறிவிட்டது என்று பெரியம்மா நம்பினார். ஒரு நாளைக்கு நாலு முறை குளித்தார். பாயைக் கொளுத்தினார். ரோஜாவுக்கு அடிக்கிற அபாமெக்டின் மருந்தைக் கொஞ்சம் கொண்டுவந்து தலையணையில் தெளித்தார். இது தெரிந்ததும் அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

முன்கையிலும் தொடையிலும் கழுத்திலும் புண்கள். முதுகின் நடுவில் மட்டும் ஒன்றுகூட இல்லை. அது எதைச் சொல்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

*

சிப்காட்டில் ஒரு ஆட்டோ உதிரிபாகக் கம்பெனியில் என் காலேஜ் நண்பன் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தான். அவன் லேபில் ஒரு மைக்ராஸ்கோப் உண்டு. கடைந்த இரும்பு ஓரத்தில் பிசிறு இருக்கிறதா என்று பார்க்க வைத்திருப்பது. ஷிப்ட் முடிந்த நேரத்தில் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

அவன் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தான். காய்ந்த தோல் பொருக்கு. பருத்தி நூல். ராகி உமி மாதிரி ஏதோ. கடைசியில், "டேய், இது ஒரு எறும்பு கால்டா" என்றான்.

அப்படியே பெரியம்மாவிடம் சொன்னேன். நேர்மையாகச் சொல்லிவிட்டோம் என்ற திருப்தி. அவர் கண்கள் விரிந்தன. "பாத்தியா? கால் இருக்குன்னா உடம்பு எங்கயோ இருக்குமில்ல?"

அதற்குள் மூன்று இடம் பார்த்தாகிவிட்டது. மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த ஆயின்மென்ட் தோலை மெலிதாக்கியதுதான் மிச்சம். ஒரு டாக்டர் கையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் சிரங்குக் கிரீம் எழுதினார், மூன்று முறை. இன்னொருவர், "பூச்சி உடம்புல இல்லம்மா, மனசுல இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார். பெரியம்மா எழுந்து வந்துவிட்டார். அந்தச் சிரிப்பை மட்டும் அவர் மறக்கவே இல்லை.

நாலாவதாக ஒரு தோல் மருத்துவர். சின்ன கிளினிக். அந்த அம்மா முதலில் செய்தது தீப்பெட்டியை வாங்கித் திறந்ததுதான். உள்ளே இருந்த ஒவ்வொன்றையும் லென்சில் வைத்துப் பார்த்தார். பிறகு விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு, தலை எல்லாம் பார்த்தார். வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா, சுகர் இருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். சர்க்கரை, தைராய்டு, பி12, ஈரல், சிறுநீரகம் என்று ரத்தப் பரிசோதனைகள் எழுதினார். சிறுநீரகமோ ஈரலோ கெட்டால் தோலில் ஒன்றுமே இல்லாமல் உடம்பெல்லாம் அரிக்கும். பி12 குறைந்தால் ஊர்வது போலத் தோன்றலாம். குடியை திடீரென்று நிறுத்தியவர்களுக்கும் அப்படி வரும். மனது என்று முடிவு கட்டுவதற்கு முன் தாண்ட வேண்டிய வாசல்கள் இத்தனை.

எல்லாம் சரியாக இருந்தது. அடுத்த வாரம் அவர் சொன்னதை ஏறக்குறைய அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன்.

"நான் பார்த்த வரைக்கும் பூச்சி எதுவும் கிடைக்கலம்மா. ஆனா உங்க அரிப்பு நிஜம். ஏழு மாசமா நீங்க தூங்கல, அதுவும் நிஜம். அதுக்கு ஒரு மாத்திரை இருக்கு, சாப்பிட்டுப் பார்ப்போமா?"

பூச்சி இருக்கிறது என்று பொய் சொல்லவில்லை. இல்லை என்று சண்டை போடவும் இல்லை.

*

வெளியே வந்ததும் என்னிடம் அதன் பெயரைச் சொன்னார். 1938-ல் ஸ்வீடன் நாட்டு நரம்பியல் மருத்துவர் கார்ல் ஆக்செல் எக்போம் இதை விரிவாக எழுதினார். அவர் பெயரில் எக்போம் நோய்க்குறி என்பார்கள். உடம்பில் பூச்சி இருக்கிறது என்ற அசைக்க முடியாத நம்பிக்கை. மற்றபடி ஆள் தெளிவாக இருப்பார். வேலைக்குப் போவார், கணக்கு வழக்கு பார்ப்பார், சீரியலில் யார் கெட்டவர் என்று சரியாகச் சொல்வார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எந்த ஆதாரமும் உள்ளே இறங்காது.

அன்று ராத்திரி அத்திப்பள்ளி டிராஃபிக்கில் பஸ்ஸில் உட்கார்ந்து படித்துக்கொண்டே போனேன். இந்த நோயாளிகள் சின்னப் பெட்டியில் 'ஆதாரம்' கொண்டுவருவது உலகம் முழுக்க ஒரே மாதிரி நடப்பதால், 1983-ல் லான்செட் இதழ் அதற்குத் 'தீப்பெட்டி அறிகுறி' என்றே பெயர் வைத்திருக்கிறது. தில்லியில் 52 நோயாளிகளை வைத்து எழுதிய ஆய்வு ஒன்று 2000-ல் வந்திருக்கிறது. அமெரிக்காவில் தோலிலிருந்து நூல் முளைக்கிறது என்று நூற்றுக்கணக்கானவர்கள் சொல்லி, அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமே ஆராய்ச்சி செய்தது. 2012-ல் வந்த முடிவின்படி, அந்த நூல்கள் பெரும்பாலும் பருத்தி. துணியிலிருந்து வந்தவை. சிப்காட் மைக்ராஸ்கோப்பில் என் நண்பன் பார்த்ததும் அதுதான்.

முதுகின் விஷயமும் அங்கேதான் புரிந்தது. கை எட்டாத இடத்தில் புண் வராது.

மாத்திரையின் பெயர் ரிஸ்பெரிடோன். மிகக் குறைந்த அளவு. பெரியம்மா அட்டையையும் உள்ளே மடித்திருந்த தாளையும் என்னிடம் நீட்டினார். "இது எதுக்கான மாத்திரை? படிச்சுச் சொல்லு."

தாளில் ஸ்கிசோஃப்ரினியா என்று முதல் வரியிலேயே இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவரைக் கேவலமாகத் திட்ட வேண்டும் என்றால் 'உன்னை நிமான்ஸ்ல சேக்கணும்' என்பார்கள். அந்த மருத்துவமனை இருக்கும் பெங்களூர் சாலைக்குப் பெயரே ஓசூர் ரோடு. எங்களுக்கு அது அவ்வளவு பக்கம், அவ்வளவு பயம். பெரியம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் எதைச் சொன்னாலும் நம்புவார். அரிப்பு மாத்திரை என்று சொல்லியிருந்தால் முடிந்தது.

"மூளையில வேலை செய்யிற மாத்திரை பெரிம்மா. அரிப்பு அரிப்புன்னு அங்க போற சேதியைக் குறைக்கும்."

"பைத்தியத்துக்குக் கொடுக்கறதா?"

"மனநோய்க்கும் கொடுப்பாங்க. உனக்கு அரிப்புக்குக் கொடுத்திருக்காங்க."

கொஞ்ச நேரம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்த அம்மா பொட்டியைத் தொறந்து பாத்துச்சு" என்றார். அன்றைக்கே சாப்பிட ஆரம்பித்தார்.

ஆறு வாரத்தில் தூக்கம் வந்தது. மூன்று மாதத்தில் புண்கள் ஆறின. பூச்சியே இருந்ததில்லை என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. "போயிடுச்சு" என்றார். அது போதும் என்றார் டாக்டர். ஒரு வருடத்துக்குப் பிறகு மாத்திரையை மெதுவாகக் குறைத்து நிறுத்தினார்.

*

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

2023 பொங்கலுக்கு சித்தப்பா மகள் ஊருக்கு வந்தாள். பத்தொன்பது வயது. பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சேர்ந்திருந்தாள். ஹாஸ்டலில் ஒரு ரூமுக்குப் பத்துப் பேர், மூன்று ஷிப்ட். ஒருத்தி எழுந்து போனால் அந்தக் கட்டிலிலேயே இன்னொருத்தி படுப்பாள். ஓசூர் மார்கழிக் குளிரில் இருந்த கம்பளிகளைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"அண்ணா, ராத்திரி விரல் நடுவுல ஒரே அரிப்பு. தூங்கவே முடியல" என்றாள். ஹாஸ்டலில் நர்ஸ் கொடுத்தது செட்டிரிசின் மாத்திரை. வார்டன் சொன்னது, "நல்லா தேய்ச்சுக் குளி."

நான்தான் இதில் நிபுணன் ஆகிவிட்டேனே. "ஷிப்ட் மாறிக்கிட்டே இருந்தா ஸ்ட்ரெஸ்ல இப்படி வரும்மா. அதையே நினைச்சுக்கிட்டு இருக்காத" என்றேன். அவள் கையை விரித்துக் காட்டினாள். நான் பார்க்கவில்லை. போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கையை மடக்கிக்கொண்டதும் நினைவில் இருக்கிறது.

மூன்று ராத்திரி அவள் பெரியம்மாவோடு ஒரே போர்வையில் படுத்தாள்.

பிப்ரவரி கடைசியில் அம்மா போன் செய்தார். "பெரிம்மா திரும்பச் சொறிய ஆரம்பிச்சிட்டாங்கடா." எனக்கு வயிறு கலங்கியது. பொங்கல் முடிந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. அந்த இரண்டையும் இணைக்க எனக்குத் தோன்றவே இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஒரே ஒரு நோயைப் பற்றிப் படித்தவனுக்கும் அப்படித்தான்.

பெரியம்மாவிடம் பேசினேன். "அரிக்குதுடா" என்றார். அவ்வளவுதான். "அது ஒன்னும் இல்ல பெரிம்மா, மாத்திரையைத் திரும்ப ஆரம்பிச்சா சரியாயிடும்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, "சரி, நீ சொன்னா சரி" என்றார்.

டாக்டருக்குப் போன் போட்டு, பழைய மாத்திரையையே ஆரம்பிக்கலாமா என்று கேட்டேன். "கூட்டிட்டு வாங்க. தோலைப் பார்க்காம எதுவும் சொல்ல மாட்டேன்" என்றார். போன தடவை எல்லாம்தான் பார்த்தோமே என்றேன். "அது போன தடவை."

கிளினிக்கில் அவர் பெரியம்மாவின் கையை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து விரல்களை விரித்தார். டெர்மாஸ்கோப் என்ற வெளிச்சம் உள்ள லென்சை வைத்தார். "இங்க வந்து பாருங்க" என்று என்னைக் கூப்பிட்டார். தோலுக்குள் வெள்ளையாக ஒரு வளைந்த கோடு. அதன் முனையில் ஒரு குட்டி பழுப்பு முக்கோணம். வானத்தில் ஜெட் விமானம் புகை விட்டுப் போகிற மாதிரி. அந்த முக்கோணம் பூச்சியின் தலைப் பக்கம்.

"இருக்கா?" என்று கேட்டார் பெரியம்மா.

"இருக்கும்மா. சிரங்கு. வீட்டுல வேற யாருக்கு அரிக்குது?"

எனக்கும் ஒரு வாரமாக இடுப்பில் அரித்துக்கொண்டிருந்தது. பொங்கலுக்கு நானும் அந்த வீட்டில்தான் படுத்திருந்தேன். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு அரித்தால் அது வெறும் அரிப்பு. பெரியம்மாவுக்கு அரித்தால் மட்டும் நோய்.

*

சிரங்குப் பூச்சி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பெண் பூச்சி தோலின் மேலடுக்கில் சுரங்கம் தோண்டி முட்டை இடும். சாதாரணமாக ஓர் உடம்பில் பத்துப் பதினைந்து பூச்சிகள்தான் இருக்கும். அரிப்பு வருவது கடியால் அல்ல, பூச்சிக்கும் அதன் கழிவுக்கும் எதிராக நம் உடம்பு காட்டும் ஒவ்வாமையால். அதனால் முதல் முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அந்த இடைவெளியில் அவர் பிறருக்கும் பரப்பிவிடுவார். உலகத்தில் எந்த நேரத்திலும் ஏறக்குறைய 20 கோடி பேருக்கு இது இருக்கிறது. 2017-ல்தான் உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

இந்தப் பூச்சியையே மருத்துவர்கள் நீண்ட காலம் நம்பவில்லை. 1687-ல் இத்தாலியில் போனோமோவும் செஸ்டோனியும் நுண்ணோக்கியில் பார்த்து, சிரங்குக்குக் காரணம் இதுதான் என்று எழுதினார்கள். ஏழைப் பெண்கள் குழந்தைகளின் தோலிலிருந்து ஊசியால் எதையோ எடுத்து நகத்தில் நசுக்குவதைக் கவனித்ததும் அவர்களுக்கு உதவியது. பேராசிரியர்கள் ஏற்கவில்லை. சிரங்கு ரத்தக் கெடுதியால் வருவது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1812-ல் பாரிசில் ஒருவர் கண்டுபிடித்துவிட்டேன் என்று வெளியிட்ட படம், பாலாடைக்கட்டியில் வாழும் வேறு பூச்சியினுடையது என்று பிறகு தெரிந்தது. அதன் பின் எவர் சொன்னாலும் நம்பிக்கை வரவில்லை. 1834-ல் செயின்ட் லூயி மருத்துவமனையில் ரெனுச்சி என்ற கார்சிகா தீவு மாணவர் ஊசி முனையால் பூச்சியை எடுத்துக் காட்டினார். ஊரில் பெண்கள் எடுப்பதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். மற்றவர்கள் கொப்புளத்தில் தேடிக்கொண்டிருந்தார்கள். பூச்சி இருந்தது சுரங்கத்தின் முனையில்.

இல்லாத பூச்சியை இருக்கிறது என்று நம்புவது ஒரு தவறு. தேடாமலே இல்லை என்று சொல்வது இன்னொன்று. என் வேலையில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு, இரண்டையும் தனித்தனியாக எண்ணுவோம். வீட்டில் எனக்கு முதல் தவறைப் பற்றி மட்டும்தான் பயம் இருந்தது.

எப்படிப் பிரித்தறிவது என்று டாக்டரிடம் கேட்டேன். சிரங்கு வந்தவர் பெரும்பாலும் பூச்சியைப் பார்த்ததாகச் சொல்ல மாட்டார். ராத்திரி அரிக்கிறது என்பார், கூடப் படுப்பவருக்கும் அரிக்கும், விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு என்று இடம் பிடித்து வரும். மனப்பிரமை உள்ளவர் பூச்சியின் நிறம், நடை, குடும்பம் எல்லாம் சொல்வார். ஆனால் இதெல்லாம் சாடை மட்டும்தான். பிரமை சில சமயம் கூட இருப்பவருக்கும் தொற்றும். சிரங்கு தனியாக இருப்பவருக்கும் வரும். சுரண்டிப் பார்த்து ஒன்றும் கிடைக்கவில்லை என்பதால் சிரங்கு இல்லை என்றும் ஆகாது. இரண்டும் இல்லாமலும் அரிக்கும். இந்தப் பக்கத்துப் பி.ஜி.களில் மூட்டைப்பூச்சி உண்டு. ஜன்னல் மேல் புறாக்கூடு இருந்தால் அதன் பேன் வந்து கடிக்கும். மழைக்காலத்தில் டியூப்லைட்டுக்கு வரும் ஒரு வண்டு நசுங்கினால் கோடு போட்ட மாதிரி தோல் வெந்துபோகும். கண்ணாடி இழை, மெஷின் கூலன்ட் என்று தொழிற்சாலையே கொடுக்கும் அரிப்புகள் தனி.

"முன்னாடி பிரமை இருந்தவங்களுக்குச் சிரங்கு வரக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. இந்த முறை பெரியம்மா தீப்பெட்டி கொண்டுவரவில்லை. பூச்சி என்ற வார்த்தையைக்கூட அவர் சொல்லவில்லை. அரிக்குது என்று மட்டும்தான் சொன்னார். அந்த வார்த்தையைச் சேர்த்துக் கேட்டது நான்.

*

பெர்மெத்ரின் 5 சதவீதக் கிரீம். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரல் இடுக்கு, நக அடி விடாமல், ராத்திரி பூசிக் காலையில் குளிக்க வேண்டும். அரிப்பு இருக்கிறதோ இல்லையோ, வீட்டில் எல்லோரும் ஒரே ராத்திரி. ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. துணியும் போர்வையும் சுடுதண்ணீரில், துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் கட்டிச் சில நாள் ஓரமாக வைக்க வேண்டும். நாங்கள் ஏழு பேர். பக்கத்து வீட்டு ஆன்ட்டி எட்டிப் பார்த்து, "கஜ்ஜியா?" என்றார். எங்கள் தெருவில் கன்னடத்திலும் தெலுங்கிலும் அதற்கு அதுதான் பெயர். பெரியம்மா வெட்கப்படவே இல்லை. "ஆமா, நிஜ கஜ்ஜி. டாக்டர் மெஷின்ல பாத்துச் சொன்னாங்க" என்றார், ஏதோ பட்டம் வாங்கின மாதிரி.

கிரீம் வாங்கின அன்றே தங்கச்சிக்குப் போன் செய்தேன். ஸாரி என்றேன். "பரவாயில்லண்ணா, எங்க ரூம்ல பத்துப் பேருக்கும் ஸ்ட்ரெஸ்தான்" என்றாள். அவள் சிரித்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. பூசுகிற முறையை வாட்ஸாப்பில் வாய்ஸாக அனுப்பினேன். பத்துப் பேரும் காசு போட்டு வாங்கி ஒரே ராத்திரி பூசினார்கள். நைட் ஷிப்ட்டில் இருந்த இரண்டு பேர் மட்டும் மறுநாள் காலையில் பூசினார்கள். அதற்கு அடுத்த வாரம்தான் ஹாஸ்டலில் மற்ற ரூம்களைக் கேட்கவே ஆரம்பித்தார்களாம்.

பூச்சி செத்த பிறகும் சில வாரம் அரிப்பு இருக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அந்த வாரங்கள்தான் எனக்குப் பயம். பெரியம்மாவும் பயந்தார். ஆனால் கடந்துவிட்டோம்.

ஏப்ரலில் ஒருநாள் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டார். "அப்ப மொத தடவையும் இருந்திருக்கும்ல? நீங்கதான் கண்டுபிடிக்கல."

நான் எதிர்பார்த்துப் பயந்த கேள்வி. இல்லை என்று சொன்னால் அந்தச் சிரித்த டாக்டர் ஆகிவிடுவேன். ஆமாம் என்றால் எங்கே போய் முடியும் என்று தெரியாது.

"அன்னைக்கு எல்லா இடத்துலயும் பாத்தோம் பெரிம்மா. கிடைக்கல. இந்தத் தடவை பாத்தோம், கிடைச்சுது."

"ம்" என்றார். டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். ஒத்துக்கொண்டாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மாதத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகும்போது, சாப்பிட்டு முடித்ததும் டியூப்லைட்டுக்குக் கீழே வந்து கையை நீட்டுவார். நான் நாலு இடுக்கையும் விரித்து, மொபைல் டார்ச் அடித்துப் பார்ப்பேன். ரோஜா முள் குத்திய பழைய தழும்புகள் இருக்கும்.

"ஒன்னும் இல்ல பெரிம்மா."

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன்."